பேர் வெட்டாத காப்பு

விழுப்புரம் தனி மாவட்டமான அந்த வருஷம்தான் எனக்கு வேலை கிடைத்தது. நோயும் அதே வருஷம்தான் வந்தது. வீடு திண்டிவனத்தில். வேலை விழுப்புரத்தில், விவசாயிகள் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டைகளைக் கொண்டுவந்து ஏலத்துக்குப் போடும் விற்பனைக்கூடத்தில். அதை யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எல்லோருக்கும் அது கமிட்டிதான். புது குமாஸ்தாவான நான் எந்நேரமும் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு குடித்தாலும் தொண்டை காய்ந்தது. தீபாவளிக்குத் தைத்த பேன்ட் கார்த்திகைக்குள் இடுப்பில் நிற்காமல் போனது. "சாருக்குக் கல்யாண ஏக்கம்" என்று எடை போடுபவர்கள் சிரித்தார்கள்.

சிறுநீரைப் பார்த்த டாக்டர் சிரிக்கவில்லை. "இது வயசானவங்களுக்கு வர்ற சுகர் இல்லப்பா. மாத்திரை வேலைக்கு ஆகாது. இன்சுலின்தான், தினம், கடைசி வரைக்கும்" என்றார். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது.

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. மண்பானைத் தண்ணீரில் ஒரு டம்ளரை மிதக்கவிட்டு, அதற்குள் மருந்துக் குப்பியை வைத்து அம்மா காப்பாற்றினாள். கண்ணாடி சிரிஞ்சை அவளே கொதிக்க வைத்தாள். ஊசி மருந்து கொஞ்சம் அதிகமானாலோ சாப்பாடு கொஞ்சம் தள்ளிப்போனாலோ எனக்கு ரத்தத்தில் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். உடம்பு வியர்க்கும், நாக்கு குழறும், காரணமில்லாமல் கோபம் வரும். அம்மாவுக்கு அந்தக் கோபத்தின் குரல் அத்துப்படி. நான் கத்தத் தொடங்கியதும் பதில் சொல்லாமல் உள்ளே போய் வெல்லத் தண்ணீர் கரைத்து எடுத்து வருவாள்.

பனமலைப் பக்கத்தில் ஒரு பெண் பார்த்தார்கள். சொந்த நிலத்தில் பயிர் வைக்கும் குடும்பம். எல்லாம் பேசி முடித்த பிறகு, ஊசி விஷயத்தை நானே அந்தப் பெண்ணின் அப்பாவிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மறைக்காம சொன்னீங்களே தம்பி, நல்லா இருப்பீங்க" என்றார். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து தகவல் எதுவும் வரவில்லை. அடுத்தடுத்து வந்த இரண்டு இடங்களும் ஏறக்குறைய அப்படியே போயின. பிறகு அம்மா தேடுவதை விட்டுவிட்டாள். தங்கை கல்யாணமாகி ஓசூருக்குப் போனாள். நானும் அம்மாவும் அந்த வீட்டில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாழ்ந்தோம். 2005இல் அம்மா போய்விட்டாள்.

அதன் பிறகு வீட்டில் நான் கத்தினால் கேட்க ஆளில்லை. கத்துவதும் நின்றுபோனது. நோய் பழசானால் உடம்பு முன்கூட்டியே காட்டும் அடையாளங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். வியர்வை வராது, நடுக்கம் வராது. நன்றாக இருப்பதுபோலவே இருந்து சட்டென்று மூளை இருண்டுவிடும். எனக்கு அந்த நிலை வந்துகொண்டிருந்தது தெரியாது. தெரிந்து சொல்ல வேண்டியவள் இல்லை.

2009 வெயில் காலம். கமிட்டியில் மூட்டைகள் மலைபோல் குவிந்திருந்தன. ஏலம் முடிய வெகுநேரமானதில் மத்தியானச் சாப்பாடு தப்பிப்போனது. காலையில் போட்ட மருந்து மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது நினைவிருக்கிறது. திண்டிவனம் பஸ் நிற்கும் இடத்தில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்ததும் நினைவிருக்கிறது. அப்புறம் எல்லாம் துண்டு துண்டாகத்தான். என் கன்னத்தின் கீழே தரை இருந்தது. யாரோ ஒரு பெண் தன் பையையும் குழந்தையையும் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு போலீஸ்காரர் லத்தியால் என் செருப்பைத் தட்டினார்.

"டேய், எழுந்திரிடா. பட்டப் பகல்லயே ஊத்திக்கினு வந்து உயுந்து கெடக்குறான் பாரு."

நான் ஏதோ பதில் சொன்னேன். அது வார்த்தையாக வெளியே வரவில்லை. என் சட்டைப்பையில் மல்லாட்டை உருண்டை இருந்தது. இந்த மாதிரி நேரத்துக்கென்றே எப்போதும் வைத்திருப்பேன். அதை எடுத்து வாயில் போட வேண்டும் என்பதை மறந்துபோவதுதான் இந்த மயக்கம்.

என்னை எழுப்பியவர் நான் தினமும் ஏறும் பஸ்ஸின் கண்டக்டர். "யோவ், இவரு குடிக்கிறவரு இல்லய்யா, என் வண்டியில டெய்லி வர்றவரு" என்று அவர் போட்ட கூச்சலில்தான் ஆட்டோ வந்ததாம். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறி, எனக்கு மேலே மின்விசிறி சுற்றுவது தெளிவாகத் தெரிந்தபோது அவர் இன்னும் போகாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"திண்டிவனம் போவும்போதே பாத்தேன் சார்" என்றார், தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பியபடி. "மூஞ்சி அந்தாண்ட இருந்துச்சு. எவனோ குடிகாரன்னு நெனச்சிக்கினு வண்டிய எடுத்துட்டேன். திரும்பி வந்து பாக்குறேன், அதே எடத்துல கெடக்குறீங்க."

ஒரு பஸ் திண்டிவனம் போய்த் திரும்பி வரும் நேரம் முழுக்க நான் அங்கே கிடந்திருக்கிறேன். என்னைத் தாண்டி எத்தனை பேர் பஸ் ஏறினார்களோ. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அப்படிக் கிடப்பவர்களைத் தாண்டிப் போயிருக்கிறவன்தான், எல்லோரையும் போல. ஆனால் அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோது, நான் செத்திருந்தால் குடித்துச் செத்தவனாகப் போயிருப்பேன் என்ற நினைப்புதான் திரும்பத் திரும்ப வந்தது. பர்ஸ் காணாமல் போயிருந்தது. அதிலிருந்த அடையாள அட்டையும் போயிருந்தது. யார் என்று சொல்ல என்னிடம் எதுவுமே இருந்திருக்காது.

டிஸ்சார்ஜ் எழுதிய இளவயது டாக்டரம்மாதான் யோசனை சொன்னார். "வெளிநாட்டுல இதுக்குன்னே கையில ஒரு சங்கிலி போட்டுக்குவாங்க. இன்னா நோய், இன்னா செய்யணும், யாருக்குப் போன் பண்ணணும்னு அதுலயே இருக்கும். நீங்களும் ஒண்ணு பண்ணிப் போட்டுக்குங்க. தனியா இருக்குறவங்களுக்கு அது ரொம்ப முக்கியம்."

தனியா இருக்குறவங்க. என்னைப் பற்றி அப்படி ஒருவர் வாயால் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

திண்டிவனத்தில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில், இளவட்டங்கள் போடும் பட்டையான எவர்சில்வர் காப்பு ஒன்றை வாங்கினேன். அதில் எழுத்து வெட்ட ஆள் தேடி எங்கும் அலையவில்லை. பாத்திரக்கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கல்யாணச் சீர் குடத்திலும் தட்டிலும் பேர் வெட்டுபவர் ஒருவர் இருந்தார். கையிலிருக்கும் மின்சார ஊசி கொர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். காப்பைக் கொடுத்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"யாரு பேரு போடணும் சார்? ஜோடிப் பேரா?"

"பேரு இல்ல. நோயப் பத்தி எழுதணும்."

ஊசியை அணைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் பஸ் ஸ்டாண்டில் விழுந்த கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் காப்பை வெளிச்சத்தில் பிடித்து, "வெளிப்பக்கம் ரெண்டு வரி, உள்பக்கம் மூணு வரி. அதுக்கு மேல எழுத்து நசுங்கிடும். யோசிச்சிக்கினு வா சார்" என்று திருப்பிக் கொடுத்தார்.

அந்த ஐந்து வரியை எழுத எனக்குப் பல நாட்கள் ஆயின. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சோறு வேகும் நேரத்தில் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி எழுதி அடிப்பேன். முதலில் "சர்க்கரை நோயாளி" என்றுதான் எழுதினேன். எழுதியதும் அதில் இருக்கும் ஆபத்து தெரிந்தது. சர்க்கரை நோயாளி என்று படிப்பவர், நான் உயிர் போகக் கிடந்தாலும் எனக்கு ஒரு சிட்டிகை சர்க்கரை தரமாட்டார். டீயில்கூடப் போடக் கூடாது என்றுதானே ஊர் முழுக்கத் தெரியும்? அதனால் நோயின் பெயரைவிட, செய்ய வேண்டியதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். நினைவு இருந்தால் மட்டும் வாயில் சர்க்கரை, நினைவு தப்பிவிட்டால் எதையும் வாயில் ஊற்றாமல் ஆஸ்பத்திரி என்றார். அதையும் சேர்க்க வேண்டும். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு இங்கிலீஷ் போதும், ரோட்டில் போகிறவர்களுக்குத் தமிழ் வேண்டும். பிறகு, எதை விட்டாலும் விடக்கூடாது என்று நினைத்த ஒரு சொல் இருந்தது: குடிக்கவில்லை.

கடைசியில் வெளிப்பக்கத்துக்கு "இன்சுலின் போடுபவர்" என்று தமிழில் ஒரு வரி, இங்கிலீஷில் ஒரு வரி. உள்பக்கத்துக்கு "குடிக்கவில்லை. உளறினால் சர்க்கரை கொடுங்கள்" என்று முதல் வரி. "மயங்கினால் ஆஸ்பத்திரி" என்று இரண்டாவது. மூன்றாவது வரி போன் நம்பருக்கு.

பேர் வெட்டுபவர் படித்துவிட்டு, "உன் பேரு எங்க சார்?" என்றார்.

"இடம் இல்லையே."

"இந்தக் குடிக்கவில்லைய எடுத்துட்டா பேரு வந்துடும். பேரு இல்லாம நான் இதுவரைக்கும் ஒரு ஸ்பூன்கூட வெட்டுனது இல்ல. கரண்டிக்கே பேரு கேக்குறாங்க."

"பரவாயில்ல. பேரு தெரியாட்டி யாரும் சாவப் போறதில்ல."

அவர் மனமில்லாமல் ஊசியைப் போட்டார். நான்கு வரியை வெட்டிவிட்டு, "நம்பர் சொல்லு" என்றார். "அப்புறம் வந்து வெட்டிக்கிறேன்" என்று சொல்லிக் காப்பைக் கையில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மற்ற வரிகளுக்கு யோசித்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. போனில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். கேஸ் ஏஜென்சி, ரேஷன் கடை, சூப்பிரண்டெண்ட், கரண்ட் ஆபீஸ். உடன் வேலை செய்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் நான் எங்கோ விழுந்து கிடக்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் போனால், சாப்பிடும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வருவார்கள் என்று யாரைச் சொல்வது? ஆபீஸ் நம்பரைப் போடலாம் என்றால், சாயங்காலத்துக்கு மேல் அது பூட்டிய அறையில் மணி அடித்துக்கொண்டிருக்கும்.

தங்கைக்குப் போன் செய்தேன்.

"என் நம்பரா? எதுக்குண்ணா? உடம்பு எதுனா சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. சும்மா, கையில போட்டுக்குறதுக்கு ஒரு நம்பர் வேணுமாம், டாக்டர் சொன்னாங்க."

"ஓ, அப்படியா. நாங்க இந்த சிம்ம மாத்தப் போறோம்ணா. இவரு புதுசு வாங்கிக்கினு வர்றேன்னு சொல்லியிருக்காரு. வாங்குனதும் நானே கூப்புடுறேன், இன்னா?"

பின்னால் குக்கர் சத்தமும் பிள்ளைகள் சண்டை போடும் சத்தமும் கேட்டன. சரிம்மா என்று வைத்தேன். அவள் பொங்கலுக்குத்தான் கூப்பிட்டாள், புது நம்பரிலிருந்து. நான் கேட்டது அவளுக்கு நினைவில் இல்லை. நானும் நினைவுபடுத்தவில்லை. அவள் வீட்டில் அவளுக்கு ஆயிரம் வேலை. ஓசூரிலிருந்து அவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பஸ் பயணமே வேண்டாம் என்று அந்த வருஷக் கடைசியில் திண்டிவனம் கமிட்டிக்கே மாற்றல் வாங்கிக்கொண்டேன். கடைசி வரி காலியாகவே இருந்தது. குளிக்கும்போது சோப்பு நுரை மற்ற எழுத்துக்களில் தங்கும், அந்த இடத்தில் மட்டும் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

அரசு ஆஸ்பத்திரியில் மாதாமாதம் இன்சுலின் கொடுக்கும் வரிசையில்தான் ஒரு அம்மா பழக்கமானார். பிரம்மதேசத்திலிருந்து வருபவர். அவருக்கு நோய் இல்லை, பதினோரு வயது மகளுக்கு. எனக்கு வந்தது போலவே மாத்திரைக்குக் கேட்காத நோய். வரிசையில் நிற்கும் வயசானவர்கள் அந்தப் பிள்ளையைப் பார்த்து, "இந்த வயசுலயா? ஐயோ பாவம்" என்று சொல்லும்போதெல்லாம் அது அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கும். ஒருநாள் என் காப்பைப் பார்த்துவிட்டு எட்டி வந்தது. கழற்றிக் கொடுத்தேன், வெளிப்பக்கமும் உள்பக்கமும் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தது.

"அம்மா, இவரும் தினம் ஊசி போட்டுக்குறாரும்மா. குடிக்கலயாம்."

வரிசையே சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. காப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவளுக்கும் ஒண்ணு இப்படிப் பண்ணணும்ணே. அடுத்த வருஷம் திண்டிவனம் ஸ்கூலுக்கு வர்றா. நான் கயினியில கெடப்பேன். இவ இங்க உயுந்தா எனக்கு யாரு வந்து சொல்லுவா? எங்க மாமியாரு வேணான்றாங்க. பொட்டப் புள்ள, வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்றாங்க. உசுரோட இருந்தாத்தானண்ணே கட்டுறதுக்கு?"

பிறகு உள்பக்கத்தைப் பார்த்தார். "போன் நம்பரு போடலயா?"

"போடணும்."

"வூட்ல யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லம்மா."

வரிசை ஓரடி நகர்ந்தது. "அப்ப என் நம்பரப் போடுங்க" என்றார், ரேஷன் கடையில் இடம் பிடித்துத் தருவதுபோல. "நான் தினம் பாக்குற வியாதிதான இது. யாரு போன் பண்ணாலும் இன்னா பண்ணணும்னு எனக்குத் தெரியும். வந்துடுவேன். இவளுதுல உங்க நம்பரப் போட்டுக்குறேன். நீங்க ஸ்கூலுக்குப் பக்கத்துலதான இருக்கீங்க?"

சரி என்று தலையை ஆட்டினேன். அன்று வீட்டுக்கு வந்த பிறகும் வெகுநேரம் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

பேர் வெட்டுபவரிடம் மூவருமாகப் போனோம். என் காப்பில் அந்த அம்மாவின் நம்பர் ஏறியது. பிள்ளையின் காப்பு ரொம்பச் சின்னது. அது தன் பேர் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. "அப்படிக் கேளு" என்று பேர் வெட்டுபவர் குஷியாகி, வெளிப்பக்கம் பேரை வெட்டி, கேட்காமலேயே பக்கத்தில் ஒரு கிளியும் போட்டார். நோயும், சர்க்கரை கொடுக்கச் சொல்லும் வரியும், என் நம்பரும் உள்பக்கம் போயின, தோலோடு தோலாக.

அதன் பிறகு என் போனை நான் அணைத்ததே இல்லை. ஏலம் நடக்கும்போதுகூட மேல்பையில் கிடக்கும். என்னைத் தேடி ஒரு அழைப்பு வரலாம் என்று ஒரு காலம் வந்ததே எனக்குப் புதிதாக இருந்தது.

பிள்ளை எட்டாம் வகுப்புப் படிக்கும்போது அந்த அழைப்பு வந்தது. பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர்.

"நீங்க இந்தப் பொண்ணோட மாமாவா?"

"ஆமா." யோசிக்காமல் சொன்னேன்.

"கிரவுண்டுல விளையாடிக்கிட்டு இருந்தா. இப்ப ஒரு மாதிரி பேசுறா, கிட்ட போனா அடிக்க வர்றா. காப்புல சர்க்கரை குடுன்னு போட்டிருக்கு. ஆனா சுகர்னு இங்க சொல்றாங்களே, குடுக்கலாமா?"

"குடுங்க மேடம். உடனே குடுங்க. அடிச்சாலும் பரவாயில்ல, தண்ணியில கரைச்சிக் குடுங்க. நான் வர்றேன்."

சைக்கிளில் போனேன். போய்ச் சேர்ந்தபோது அது தெளிந்து, ஸ்டாஃப் ரூம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. சட்டையெல்லாம் சர்க்கரைத் தண்ணீர். ஜன்னலில் பிள்ளைகள் கூட்டம்.

"எல்லாரும் பாத்துட்டாங்க மாமா" என்றது மெதுவாக. "டீச்சர அடிச்சிட்டேனாம்."

நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் விழுந்து எழுந்த பிறகு சுற்றி நிற்கும் முகங்களைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்பதுதான். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அதன் அம்மா கழனிச் சேற்றோடு பஸ் பிடித்து ஓடி வரும் வரைக்கும் இருவரும் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம்.

அதற்கடுத்த வருஷம் என் அம்மாவின் திதிக்குத் தங்கை வந்தாள். நான் இலை போடும்போது என் கையைப் பிடித்து, காப்பைக் கழற்றிப் படித்தாள்.

"இது யாரு நம்பருண்ணா?"

சொன்னேன். அவள் காப்பைத் திருப்பிக் கொடுக்காமல் ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தாள். "என்னுத குடுத்திருப்பேனே" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"நீ தூரத்துல இருக்கியேம்மா" என்றேன். அது பொய்யில்லை. அதோடு விட்டுவிட்டேன். அவள் ஊருக்குக் கிளம்பும்போது என் போனை வாங்கித் தன் பெயரைப் பட்டியலின் முதலில் வருகிற மாதிரி மாற்றி வைத்துவிட்டுப் போனாள்.

பிள்ளை பன்னிரண்டாவது முடித்து, சென்னையில் காலேஜில் சேர்ந்தது. முதல் பொங்கல் லீவுக்கு வந்தபோது அம்மாவோடு என்னைப் பார்க்க வந்தது. கையில் பழைய காப்பு இல்லை. ஆன்லைனில் வாங்கியது என்று மெல்லிசாக ஒன்றைக் காட்டியது. எல்லாம் இங்கிலீஷில், மெஷின் வெட்டிய எழுத்து, பார்க்க அழகாக இருந்தது.

"பழசு டைட் ஆயிடுச்சு மாமா. இதுல என் ரூம்மேட் நம்பரப் போட்டிருக்கேன். அவளுக்கு எல்லாம் சொல்லி வெச்சிருக்கேன், ஊசி போடக்கூடத் தெரியும்."

"அதான் சரி" என்றேன். சரிதான். சென்னையில் மயங்கினால் திண்டிவனத்தில் இருக்கும் நான் என்ன செய்ய முடியும்? ரூம்மேட் எந்த ஊர் என்று விசாரித்தேன், ஹாஸ்டலில் சாப்பாட்டுக்கு மணி தவறுகிறதா என்று கேட்டேன். டீ போட்டுக் கொடுத்தேன். போகும்போது அந்த அம்மா வாசலில் திரும்பி நின்று, "உங்களுதுல என் நம்பரு அப்படியே இருக்கட்டும்ணே" என்றார்.

அவர்கள் போன பிறகு டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தேன். போன் மேல்பையிலேயே இருந்தது. இனி அதை அங்கே வைத்துக்கொள்ள அவசியமில்லை என்று தெரியும். ஆனாலும் தெரியாத நம்பரிலிருந்து மணி அடித்தால் இன்றும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். பெரும்பாலும் லோன் வேண்டுமா என்று கேட்கும் ஏதோ ஒரு பெண்ணின் குரல். வேண்டாம்மா என்று சொல்லிவிட்டு, அவள் வைக்கும் வரை காத்திருந்து வைக்கிறேன்.